எப்படிச் செத்தான் என்று கேட்ட மனிதர்

(மும்பையில் நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ரயில்வே எழுத்தர் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி. பெயர் தாமஸ் வேக்லி. 1795-ல் பிறந்தவர், 1862-ல் இறந்தவர். "நம்ம பிரச்சினை ஆயிரம் கிடக்க, செத்துப்போன வெள்ளைக்காரன் கதை இப்ப எதுக்கு?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். அந்தப் பதிலில் என்னுடைய வெட்கக்கேடு ஒன்றும் இருக்கிறது.

2006-ஆம் வருஷம். நான் ரயில்வேயில் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நம் தெருவில் குடியிருந்த ஒரு கொத்தனார், கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். பெயர் சொல்லமாட்டேன், தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். "நீ படிச்சவன், கூட வா" என்று என்னை அழைத்துப்போனார்கள். போனேன், பார்த்தேன். அவர் கையோரத்தில் பூச்சுக் கரண்டி கிடந்தது. அதில் சிமெண்டுக்கலவை இன்னும் காயவில்லை.

போலீசார் மராட்டியில் பஞ்சநாமா எழுதினார்கள். எனக்கு மராட்டி பேச வரும். அந்தக் கையெழுத்தைப் படிக்க வராது. "சீக்கிரம் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் உடலைத் தருவோம்" என்றார்கள். என் நினைப்பெல்லாம் நாகர்கோவில் வண்டியில் இருந்தது. பெட்டியைப் பார்சல் ஆபீசில் புக் பண்ண வேண்டும், அந்த அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிவிட வேண்டும். போட்டேன் கையெழுத்து. வண்டியும் கிடைத்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

ஆறு மாதம் கழித்து அந்த அக்கா நஷ்டஈடு கேட்டு வந்தார். அப்போதுதான் ஒரு வக்கீல் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டினார். "வேலை நேரம் முடிந்தபின் தன் இஷ்டப்படி மேலே ஏறியபோது கால் தவறி விழுந்தார்" என்று எழுதியிருந்தது. கரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே சாட்சியாக என் கையெழுத்து, அழகாக, முத்து முத்தாக! அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "கையில கரண்டியோடதான கெடந்தாவ அண்ணாச்சி, நீங்களும் பாத்தீயள்லா?" என்று மட்டும் கேட்டார். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று நிரூபிக்க முடியாமல், கம்பெனிக்காரன் வீசிய சொற்பத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

தோழர்களே, அதற்குப் பிறகுதான் நான் தேட ஆரம்பித்தேன். ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான். எப்படிச் செத்தான் என்று யார் கேட்பது? யார் எழுதுவது? எழுதியதற்கு யார் பொறுப்பு? தேடிப் படித்துக்கொண்டு போனபோது கிடைத்தவர்தான் இந்த வேக்லி.

இங்கிலாந்தில் கரோனர் என்று ஒரு பதவி உண்டு. நம் தமிழில் மரண விசாரணை அதிகாரி என்று சொல்லலாம். 1194-லிருந்து இருக்கும் பழைய பதவி. ஏழைக்காக ஏற்பட்டதல்ல, ராஜாவின் வரும்படியைக் காப்பதற்காக ஏற்பட்டது. ஆனால் அதில் நல்ல அம்சங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, கரோனரைச் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு, அவர் தனியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த வட்டாரத்து ஆட்களையே ஜூரியாக உட்காரவைத்து, உடலைக் கண்ணால் பார்க்கச் சொல்லி, சாட்சிகளை எல்லோர் முன்னாலும் கேட்டு, அந்த ஜூரிகள் வாயால்தான் முடிவு வர வேண்டும். பெரும்பாலும் ஊர்ச் சாராயக்கடை மாடியில்தான் விசாரணை நடக்கும். கடையாக இருந்தால் என்ன? கதவு திறந்திருந்தது, அதுதான் முக்கியம்.

வேக்லி ஒரு விவசாயியின் மகன். பதினோரு பிள்ளைகளில் ஒருவர். லண்டனுக்கு வந்து படித்து 1817-ல் அறுவை மருத்துவரானார். 1823-ல் 'லான்செட்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். இன்றைக்கும் உலகமெங்கும் டாக்டர்கள் படிக்கிற அதே லான்செட்தான். அந்தக் காலத்தில் லண்டன் ஆஸ்பத்திரிகளில் மாமன், மச்சான், மருமகன் என்று சொந்தக்காரர்களுக்கே வேலை. கத்தி பிடிக்கத் தெரியாதவனும் பெரிய டாக்டரின் உறவு என்றால் உள்ளே வந்துவிடுவான். 1828-ல் ஒரு ஆஸ்பத்திரியில், சில நிமிடங்களில் முடிய வேண்டிய கல்லடைப்பு ஆபரேஷன் ஒரு மணி நேரம் இழுத்து, நோயாளி இறந்துபோனார். அறுத்தவர் ஒரு புகழ்பெற்ற டாக்டரின் அண்ணன் மகன். வேக்லி அதை அப்படியே அச்சில் போட்டார். மானநஷ்ட வழக்கு வந்தது. 2,000 பவுன் கேட்டார்கள். ஜூரி கொடுத்தது 100 பவுன். வேக்லிக்கு ஆன செலவைப் பொதுமக்கள் வசூல் பண்ணிக் கட்டினார்கள்.

1835-ல் ஃபின்ஸ்பரி தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். அவர் முதலில் பேசிய முக்கியமான பேச்சு யாருக்காகத் தெரியுமா? டோல்படில் என்ற கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேருக்காக. கூலியைக் குறைக்கிறார்களே என்று சங்கம் சேர்ந்தார்கள். ரகசியப் பிரமாணம் எடுத்ததாகக் குற்றம் சாட்டி, 1834-ல் ஏழு வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களை விடுவிக்கச் சொல்லி 1835 ஜூன் மாதம் சபையில் வேக்லி வாதாடினார். அன்று தோற்றார். வெளியே தொழிலாளர் கிளர்ச்சி ஓயவில்லை. 1836-ல் மன்னிப்பு வந்தது. சங்கம் வைத்த குற்றத்துக்குக் கடல் கடந்து போனவர்கள், திரும்பி வந்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய கரோனர் வேலையைப் பற்றி. அந்தப் பதவிக்கு அதுவரை பெரும்பாலும் வக்கீல்களே வந்தார்கள். "ஒரு மனிதன் விஷத்தால் செத்தானா, அடியால் செத்தானா என்று சட்டப்புத்தகம் சொல்லுமா? மருத்துவம் தெரிந்தவன் அல்லவா அங்கே உட்கார வேண்டும்?" என்பது அவர் வாதம். 1830-ல் தேர்தலில் நின்று தோற்றார். 1839-ல் மேற்கு மிடில்செக்சில் நின்று வென்றார். சாகும்வரை, 23 வருஷம், அந்தப் பதவியில் இருந்தார்.

வந்தவுடன் அவர் செய்த முதல் காரியம் என்ன? போலீஸ் காவலில், சிறையில், பைத்தியக்கார ஆஸ்பத்திரியில், ஏழைகளை அடைத்துவைத்த அநாதை விடுதிகளில் யார் இறந்தாலும் எனக்குத் தகவல் வர வேண்டும் என்றார். பூட்டிய கதவுக்குப் பின்னால் நடக்கும் சாவைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அந்த முதல் வருஷமே ஹெண்டன் ஏழைகள் விடுதியில் ஒரு கிழவர் துணி வெளுக்கும் வெந்நீர்த் தொட்டியில் விழுந்து வெந்து செத்தார். தகவல் சொல்லாமல் புதைத்துவிட்டார்கள். வேக்லி தோண்டி எடுக்கச் சொன்னார். தோண்டினார்கள். விடுதி அதிகாரி, "இது அந்த ஆளின் உடல்தான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது?" என்று இழுத்தாராம். வேக்லி உடனே, "இது அவன் இல்லையென்றால், உங்கள் தொட்டியில் இதுவரை எத்தனை ஏழைகளை வேகவைத்தீர்கள்?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். அதற்கு மேல் அந்த அதிகாரி என்ன பேசுவார்?

இப்படிக் கேட்பவரை விடுவார்களா? அந்த மாவட்டத்தின் கஜானா மாஜிஸ்திரேட்டுகள் கையில் இருந்தது. "தேவையில்லாத சாவுகளை எல்லாம் விசாரிக்கிறார், செலவு கூடிப்போகிறது" என்று அவருடைய கட்டணத்தை நிறுத்திப் பார்த்தார்கள். சண்டை 1840-ல் பார்லிமெண்ட் கமிட்டி வரைக்கும் போயிற்று. வேக்லி பின்வாங்கவில்லை. ஏழையின் சாவுக்கு விசாரணை என்றால் 'தேவையில்லாத செலவு' என்கிற பேச்சு நேற்று இன்று பிறந்ததல்ல என்பதைக் கவனியுங்கள்.

வீட்டு வேலைக்குப் போகிற சகோதரிகள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்று. 1840 ஜனவரியில் ஒரு வேலைக்காரப் பெண் வேக்லி முன்னால் கொண்டுவரப்பட்டாள். எஜமானி வீட்டில் ரகசியமாகப் பிரசவித்த குழந்தை இறந்துகிடந்தது. கொன்றுவிட்டாள் என்று ஜூரியில் பலர் முடிவு கட்டியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஜூரியில் ஒருவர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். குழந்தை உயிரோடு பிறந்ததா என்ற சந்தேகத்தை அவர் கிளப்பினார். கரோனர் வேக்லி அதற்கு இடம் கொடுத்தார். கடைசியில் கொலை என்று முடிவு வரவில்லை. 'இறந்து காணப்பட்டது' என்றுதான் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் கழித்து டிக்கன்சே இதை எழுதினார். கேள்வி கேட்பது தண்டிப்பதற்கு மட்டுமல்ல, அப்பாவியைக் காப்பாற்றுவதற்கும்தான்.

இப்போது அவருடைய பெரிய வழக்குக்கு வருகிறேன். 1846. லண்டன் பக்கத்தில் ஹவுன்ஸ்லோ குதிரைப்படை முகாம். ஃபிரடெரிக் ஜான் ஒயிட் என்ற சிப்பாய் ஒரு சார்ஜெண்டை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டான். ஜூன் 15-ல் அவனுக்கு 150 சவுக்கடி. ஒன்பது வார் கட்டிய சவுக்கு. லாடம் கட்டுகிறவர்கள் மாறி மாறி அடித்தார்கள். முதுகுப் புண் மேலே ஆறியது. ஜூலை 11-ல் அவன் இறந்துபோனான்.

ராணுவ டாக்டர்கள் சர்டிபிகேட் கொடுத்தார்கள்: நெஞ்சுக்குள் வீக்கத்தால் இறந்தான், அடிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை. காகிதம் சரியாகவே இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஆனால் அந்த ஊர்ப் பாதிரியார் ஒரு காரியம் செய்தார். கரோனருக்குத் தெரியாமல் நான் புதைக்கமாட்டேன் என்று சொல்லி வேக்லிக்கு எழுதினார். அந்த ஒரு மனிதர் 'சரி, புதைத்துவிடுவோம்' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வேக்லி ஊர்க்காரர்களை ஜூரியாக உட்காரவைத்தார். ராணுவ டாக்டர்கள் சொன்னதோடு நிறுத்தாமல், எராஸ்மஸ் வில்சன் என்ற வெளி டாக்டரைக் கூப்பிட்டார். முன்னால் பார்த்தவர்கள் பார்க்காத இடத்தை அவர் பார்த்தார். தோல் ஆறியிருந்தது; உள்ளே, முதுகெலும்பை ஒட்டிய ஆழமான தசை கெட்டுக் குழைந்திருந்தது. அடியின் அதிர்ச்சிதான் காரணம் என்றார். ஆகஸ்டில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: சவுக்கடியின் விளைவால்தான் இறந்தான். அதோடு நிற்கவில்லை, இந்தத் தண்டனையை ஒழிக்கப் பார்லிமெண்டுக்கு மனுப் போடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

அந்தத் தீர்ப்பு யார் மேலும் கொலைக்குற்றம் சாட்டவில்லை. ஒயிட் திரும்பி வரவும் இல்லை. ஆனால் அதே வருஷம் சவுக்கடியின் உச்சவரம்பு 50 ஆகக் குறைந்தது. 1881-ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் அந்தத் தண்டனையே ஒழிந்தது. வேக்லி அதைப் பார்க்கவில்லை. 1862-ல் மடீராத் தீவில் இறந்துவிட்டார். ஆனாலும் அந்த முதல் ஆப்பை அடித்தது ஒரு சாராயக்கடை விசாரணையும், பேர் தெரியாத பன்னிரண்டு பதின்மூன்று ஊர்க்காரர்களும்தான்.

நான் ரயில்வேக்காரன். ரயில் கதை ஒன்று சொல்லாவிட்டால் தூக்கம் வராது. இது வேக்லி விசாரித்ததல்ல, ஆனால் அவர் காலத்து வேறொரு கரோனர் விசாரணை. 1841 டிசம்பர் 24. லண்டனில் பார்லிமெண்ட் கட்டடம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே வேலை செய்த கல்தச்சர்கள் பலர் கிறிஸ்துமசுக்கு ஊருக்குக் கிளம்பினார்கள். நாம் பொங்கலுக்குப் போவதுபோல. மூன்றாம் வகுப்பு என்றால் கூரையில்லாத, பக்கப்பலகை தாழ்ந்த திறந்த பெட்டி. அதுவும் எஞ்சினுக்கும் சரக்குப் பெட்டிகளுக்கும் நடுவில். சோனிங் என்ற இடத்தில் மழையில் மண் சரிந்து தண்டவாளத்தில் கிடந்தது. எஞ்சின் மோதியது. பின்னால் வந்த சரக்கெல்லாம் இவர்களை நசுக்கியது. ஒன்பது பேர் செத்தார்கள்.

அங்கே ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்தப் பொருள் ஒருவனைக் கொன்றதோ அந்தப் பொருளுக்கு விலை போட்டு வசூலிக்கலாம் என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. எருது முட்டினால் எருது, வண்டி ஏறினால் வண்டி. இவர்கள் எஞ்சின் மேலும் பெட்டிகள் மேலும் 1,000 பவுன் போட்டார்கள்! அந்தப் பணம் செத்தவன் வீட்டுக்குப் போகாது. ராஜாவுக்கோ, அவர் உரிமை கொடுத்த நிலப்பிரபுவுக்கோதான் போகும். ஆனாலும் கம்பெனிகள் அலறின. 1844-ல் மூன்றாம் வகுப்புக்குக் கூரையும் இருக்கையும் வேண்டும் என்று சட்டம் வந்தது. 1846-ல் அந்தப் பழைய சட்டத்தை ஒழித்தார்கள். அதே வருஷம், விபத்தில் செத்தவனின் குடும்பம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று வேறு சட்டம் வந்தது. அதைப் பின்பற்றி 1855-ல் இந்தியாவிலும் வந்தது. 1923-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 'வேலையின்போது, வேலையின் காரணமாக' நடந்த விபத்து என்கிற வார்த்தைகள் அதில்தான் இருந்தன. என் கையெழுத்து அந்த அக்காவிடமிருந்து பறித்ததும் அந்த வார்த்தைகளைத்தான்.

நம் நாட்டுக்கும் கரோனர் வந்தார். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் 1871-ல் சட்டம் போட்டார்கள். சென்னையிலும் அந்தப் பதவி இருந்தது; 1889-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் இங்கே வந்த கரோனரை அரசாங்கம் நியமித்தது, மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பம்பாயிலும் 1999-ல் அந்தப் பதவியை ஒழித்தார்கள். இன்று நாடு முழுக்க ஒரே ஏற்பாடு: முதலில் போலீஸ், மேலே மாஜிஸ்திரேட். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, 176-ஆம் பிரிவுகள். 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 194, 196.

வேக்லி இல்லை, சரி. வழியே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். அந்தப் பிரிவைக் கவனமாகப் படித்தால், இங்கிலாந்து ஜூரியின் நிழல் கொஞ்சம் அதில் இருப்பது தெரியும். அக்கம்பக்கத்தார் இரண்டு பேராவது இருக்க, அவர்கள் முன்னால் போலீஸ் அதிகாரி உடலைப் பார்த்து, காயங்களையும் சாவுக்கான காரணத்தையும் எழுத வேண்டும். அதில் யார் கையெழுத்துப் போடுவது? எழுதியதை ஒப்புக்கொள்கிறவர்கள் மட்டும். ஒப்புக்கொள்கிறவர்கள் மட்டும், தோழர்களே! இந்த வார்த்தை 2006-ல் எனக்குத் தெரியாது.

ஆகையால் நம் ஆள் ஒருவர் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாலு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, கையில் என்ன இருந்தது, காலில் செருப்பு இருந்ததா, மணி என்ன, கூட யார் வேலை செய்தார்கள், சாரத்தில் வலை இருந்ததா, இடுப்புக் கயிறு இருந்ததா, எல்லாவற்றையும் பார்த்து உடனே குறித்துக்கொள்ளுங்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது; படம் எடுங்கள்.

இரண்டாவது, படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம். "வாசித்துச் சொல்லுங்கள் சாகேப்" என்று பணிவாகக் கேளுங்கள். எழுதாமல் விட்டதை எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், நீங்கள் பார்த்ததை மாஜிஸ்திரேட்டுக்குத் தனியாக மனுவாக எழுதுங்கள். எழுதித் தர நானும் சங்கமும் இருக்கிறோம்.

மூன்றாவது, காவலில் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். அந்த விசாரணை நடக்கும்போது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோருக்கு இயன்றவரை தகவல் சொல்லி, கூட இருக்க விட வேண்டும் என்பது சட்டம். குடும்பத்தை அவசரப்பட்டு ஊருக்கு ஏற்றிவிடாதீர்கள். ஏற்றிவிட்ட பாவி நான் சொல்கிறேன்.

நாலாவது, ரயில். என் சோறு அங்கிருந்துதான் வருகிறது, இருந்தாலும் சொல்கிறேன். ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து பயணி இறந்தால், குடும்பம் ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஒரு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிட முடியாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து அடிபட்டால் இந்த வழி கிடையாது. அதனால் மேம்பாலம் ஏறிப் போங்கள். கால் வலித்தாலும் ஏறுங்கள்.

வேக்லி பெரிய மனிதர். டாக்டர், பத்திரிகாசிரியர், எம்.பி. நாம் அப்படி இல்லை. ஆனால் ஹவுன்ஸ்லோவில் வேக்லியை வரவழைத்தது யார்? புதைக்கமாட்டேன் என்று ஒரு நிமிஷம் நின்ற ஒரு பாதிரியார். அந்த ஒரு நிமிஷம் நம்மால் நிற்க முடியும். அன்று நான் நின்றிருந்தால் நாகர்கோவில் வண்டி போயிருக்கும். மறுநாளும் ஒரு வண்டி உண்டு என்பது, ரயில்வேயில் வேலை பார்த்த எனக்குத் தெரியாதா?

அந்த அக்காவின் மூத்த மகன் போன மாதம் மும்பைக்கு வேலைக்கு வந்திருக்கிறான். கொத்து வேலைதான். அவன் அப்பாவின் சாவைப் பற்றி என்ன நடந்தது என்று அவனிடம் உட்கார்ந்து முழுசாகச் சொன்னேன், என் கையெழுத்தையும் சேர்த்து. கேட்டுவிட்டு அவன் சங்கத்தில் சேர்ந்திருக்கிறான். இதோ முன்வரிசையில் இருக்கிறான். அவனுக்கு நான் கடன்பட்டவன். அந்தக் கடனில் ஒரு சிறு பங்காக இந்தப் பேச்சை வைத்துக்கொள்ளட்டும்.